சர்வாதிகாரத்திற்குப் பின் இந்தோனேசியா

வரலாற்றுப் பாடநூல்களில் நாம் அடிக்கடி காணும் இரண்டு வரிகள் உண்டு. 'சர்வாதிகாரி பதவி துறந்தார்' என்பது முதல் வரி. 'நாட்டில் மக்களாட்சி மலர்ந்தது' என்பது அடுத்த வரி. அச்சுத்தாளில் இவ்விரு வரிகளுக்கும் இடையே ஒரு விரற்கடை இடம்கூட இல்லை. ஆனால் அந்நாட்டு மக்களின் வாழ்விலோ அந்த இடைவெளி ஒரு தலைமுறைக் காலம் நீண்டுவிடுகிறது. அந்த இடைவெளியில் என்னென்ன இடர்கள் எழுகின்றன, அவற்றை ஒரு நாடு எவ்வாறு எதிர்கொள்கிறது என்பதை மாணவ நண்பர்களோடு சேர்ந்து இன்று எண்ணிப் பார்க்க விரும்புகிறேன்.

பொதுப்படப் பேசினால் மனத்தில் நில்லாது. ஆகவே ஒரு நாட்டை எடுத்துக்கொள்வோம். நம் பழைய காப்பியம் சாவகம் என்று பெயர் சுட்டிய நிலப்பகுதியைத் தன்னுள் கொண்ட இந்தோனேசியாவே அந்நாடு. பதினேழாயிரத்திற்கும் மேற்பட்ட தீவுகள், நூற்றுக்கணக்கான மொழிகள், பல சமயங்கள், ஏறத்தாழ 28 கோடி மக்கள் ஆகியவற்றைக் கொண்டது அது. இவ்வளவு வேற்றுமைகளையும் ஒரு கொடியின்கீழ் நிறுத்துவது எளிய செயலன்று. 'இங்கே வலிமையான ஒரு கை வேண்டும்' என்ற வாதம் அந்நாட்டில் பலகாலம் செல்வாக்குப் பெற்றிருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

1945ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள் சுகார்ணோவும் ஹத்தாவும் நாட்டின் விடுதலையை அறிவித்தனர். டச்சுக்காரர் அதனை ஏற்றுக்கொள்வதற்கு மேலும் நான்கு ஆண்டுகள் போராட வேண்டியிருந்தது. 1955இல் நேர்மையான பொதுத்தேர்தல் ஒன்று நடைபெற்றது. ஆனால் அமைச்சரவைகள் நிலைத்து நிற்கவில்லை. 1959இல் சுகார்ணோ 'வழிநடத்தப்படும் ஜனநாயகம்' என்ற பெயரால் அதிகாரத்தைத் தம் கையில் குவித்துக்கொண்டார். 1965 செப்டம்பர் 30ஆம் நாள் இரவு தொடங்கிய கிளர்ச்சியில் உயர் படைத்தலைவர் அறுவர் கொல்லப்பட்டனர். பழி முழுவதும் கம்யூனிஸ்டுக் கட்சியின்மீது சுமத்தப்பட்டது. அதனைத் தொடர்ந்த சில மாதங்களில் குறைந்தது ஐந்து லட்சம் மக்கள் கொன்று குவிக்கப்பட்டனர் என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் மதிப்பீடு. அக்குருதி வெள்ளத்தினூடே எழுந்தவர்தாம் தளபதி சுகார்த்தோ. 1966இல் அதிகாரம் அவர் கைக்கு வந்தது. 1998 வரை அது அவரை விட்டு நீங்கவில்லை. தம் ஆட்சிக்குப் 'புதிய ஒழுங்கு' என்று அவர் பெயரிட்டார்.

வரலாற்றை எழுதுபவன் நடுநிலை தவறலாகாது. அவ்வாட்சியில் நன்மைகளும் விளைந்தன. 1973ஆம் ஆண்டு முதல் ஆறு ஆண்டுகளுக்குள் 61,000க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகள் கட்டப்பட்டன. எண்ணெய் விற்ற பணத்தில் ஒரு பகுதி இவ்வாறு சிற்றூர்களுக்குச் சென்றது. ஒரு காலத்தில் உலகிலேயே மிகுதியாக அரிசியை இறக்குமதி செய்த நாடு, 1984இல் அரிசியில் தன்னிறைவு எய்தியது. வறியோர் தொகை வெகுவாகக் குறைந்தது. இவற்றை மறைத்துவிட்டுச் சர்வாதிகாரத்தைப் பழிப்பது வழக்கறிஞன் வேலையாகுமே தவிர வரலாற்று மாணவன் வேலையாகாது.

ஆனால் அதே காலத்தில் எவை வளரவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். 1973இல் கட்சிகளெல்லாம் ஒடுக்கப்பட்டு, ஆளுங்கூட்டமான கோல்கார் தவிர இரண்டே கட்சிகள் இருக்கலாம் என்று விதிக்கப்பட்டது. சுகார்த்தோ ஏழு முறை குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏழு முறையும் எதிர்த்து நின்றவர் எவரும் இலர். நாட்டைக் காப்பதோடு நாட்டை ஆள்வதும் இராணுவத்தின் கடமையே என்று ஒரு கொள்கை வகுக்கப்பட்டது. அதன்படி சீருடை அணிந்தோர் சட்டமன்ற இருக்கைகளிலும் மாவட்ட ஆட்சியிலும் அமர்ந்தனர். நீதிமன்றம் அரசின் குறிப்பறிந்து தீர்ப்பு எழுதியது. 1994இல் 'தெம்போ' முதலான மூன்று இதழ்கள் ஒரே நாளில் மூடப்பட்டன. பிரமூதியா அனந்த தூர் என்ற பேரெழுத்தாளர் விசாரணையின்றிப் புரு தீவில் 1969 முதல் பத்தாண்டுகள் சிறைவைக்கப்பட்டார். எழுதுகோல் மறுக்கப்பட்ட காலத்தில் அவர் தம் கதையை உடனிருந்த கைதிகளுக்கு வாய்மொழியாகச் சொல்லி வந்தார். மற்றொரு புறம், தலைவரின் மக்களும் நண்பர்களும் வங்கி, சாலை, கிராம்பு வாணிகம், கார்த் தொழில் என ஒவ்வொன்றிலும் தனியுரிமை பெற்றுச் செழித்தனர்.

முப்பதாண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்ற எனக்கு, இவ்விடத்தில் மாணவர் எழுப்பும் வினா நன்கு பழக்கமானது. "பள்ளி கொடுத்தார், அரிசி கொடுத்தார், பிறகு மக்கள் ஏன் எதிர்த்தார்கள் ஐயா?" என்பர். நல்ல வினாதான். வளம் ஒன்றையே காட்டிக் கீழ்ப்படிதலைப் பெற்ற ஆட்சிக்கு, வளம் குன்றும் நாளில் மக்களோடு வேறு கயிறு இல்லை. தேர்தலில் தோற்றுக் கௌரவமாக விலகவும் வழியில்லை. மக்களின் குறையை முன்கூட்டியே அறியவும் வழியில்லை. குறை சொல்லும் வாய்களையெல்லாம் அதுதானே அடைத்து வைத்திருந்தது!

அந்த நாள் 1997இல் வந்தது. அவ்வாண்டு ஜூலையில் தாய்லாந்து நாணயம் சரிந்தது; அச்சரிவு இந்தோனேசியாவையும் பற்றிக்கொண்டது. ஒரு டாலருக்கு ஏறத்தாழ 2,400 ரூபியா என்றிருந்த மதிப்பு, அடுத்த ஆண்டு ஜூனில் 16,000 வரை வீழ்ந்தது. டாலரில் கடன் வாங்கி ரூபியாவில் வருவாய் ஈட்டிய நிறுவனங்களின் கதியை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். சர்வதேச நாணய நிதியத்தின் அறிவுரைப்படி 1997 நவம்பரில் 16 வங்கிகள் திடீரென மூடப்பட்டன. வைப்புத்தொகை முழுமைக்கும் உறுதி தரப்படவில்லையாதலால், மக்கள் நல்ல வங்கிகளிலிருந்தும் பணத்தை எடுக்க ஓடினர். 1998 மே மாதத் தொடக்கத்தில் பெட்ரோல் விலை உயர்த்தப்பட்டது. மே 12ஆம் நாள் ஜகார்த்தாவின் திரிசக்தி பல்கலைக்கழகத்தில் மாணவர் நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். அடுத்த இரு நாட்களில் நகரம் தீப்பற்றி எரிந்தது. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். சீன வம்சாவளியினரின் கடைகள் சூறையாடப்பட்டன. அச்சமூகப் பெண்கள் சொல்லொணாக் கொடுமைக்கு ஆளாயினர். மாணவர்கள் நாடாளுமன்றக் கட்டடத்தை நிறைத்து அமர்ந்தனர். அமைச்சர் பதினால்வர் இனிப் பணியாற்ற இயலாது எனக் கைவிரித்தனர். மே 21ஆம் நாள் காலை சுகார்த்தோ பதவி விலகினார்.

முதல் வரி இங்கே முடிகிறது. நம் பேச்சின் பொருள் இங்கேதான் தொடங்குகிறது.

துணைத் தலைவராயிருந்த ஹபிபி பதவியேற்ற அன்று நாட்டின் நிலை என்ன? பணவீக்கம் அவ்வாண்டில் எழுபது விழுக்காட்டைத் தாண்டியது. நாட்டின் மொத்த உற்பத்தி 13 விழுக்காடு சுருங்கியது. நான்கு பேரில் ஏறத்தாழ ஒருவர் வறுமைக் கோட்டின் கீழ் இருந்தனர். 'பசி வந்தால் பத்தும் பறந்து போம்' என்பார்கள். பத்தும் பறக்கக்கூடிய அந்த வேளையில்தான், முப்பத்திரண்டு ஆண்டுகளாக வளரவிடாமல் தடுக்கப்பட்ட கட்சி, பத்திரிகை, நீதிமன்றம், உள்ளாட்சி ஆகிய அனைத்தையும் ஒருசேர வளர்த்தெடுக்க வேண்டியிருந்தது. அரசியல் முதலில், பொருளாதாரம் பிறகு, சமூக அமைதி அதற்குப் பிறகு என்று வரிசையாக எடுத்துச் செய்ய அவகாசமில்லை. மூன்றும் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் வந்து நின்றன.

ஹபிபி பழைய ஆட்சியின் மடியில் வளர்ந்தவர். ஆயினும் அவர் செய்தவை வியப்பளிப்பன. அரசியல் கைதிகள் பலரை விடுவித்தார். பத்திரிகைகள்மீதிருந்த தளைகளை அகற்றினார். 'தெம்போ' மீண்டும் வெளிவந்தது. கட்சிகள் அமைக்கத் தடையில்லை என்றார். 1999 ஜூன் 7ஆம் நாள் 48 கட்சிகள் போட்டியிட்ட தேர்தல் நடந்தது. 1955க்குப் பின் அந்நாடு கண்ட முதல் உண்மையான தேர்தல் அது. சுகார்ணோவின் மகள் மேகவதியின் கட்சி மூன்றிலொரு பங்கு வாக்குகளைப் பெற்று முதலிடம் அடைந்தது. பழைய கோல்கார் இரண்டாமிடத்தில் நின்றது. தடைசெய்யப்படவில்லை, ஆனால் தோற்கடிக்கப்பட்டது. தோல்வியிலும் ஒரு கட்சி உயிர்வாழலாம் என்பதை அது கற்றுக்கொண்டது. அவ்வாண்டு அக்டோபரில் மக்கள் பேரவை ஹபிபியின் ஆட்சி அறிக்கையை ஏற்க மறுத்தபோது, அவரும் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார்.

அடுத்து வந்தவர் அப்துர்ரஹ்மான் வாஹித். கண்பார்வை பெரிதும் இழந்த சமய அறிஞர்; பரந்த உள்ளத்தினர். ஆனால் ஆட்சி நடத்துவதில் நிதானம் போதவில்லை. 2001 ஜூலை 23ஆம் நாள் அவசரநிலையை அறிவித்து நாடாளுமன்றத்தைக் கலைக்க முயன்றார். படையினர் அக்கட்டளைக்கு இணங்கவில்லை. அன்றே பேரவை அவரை நீக்கிவிட்டு மேகவதியை அமர்த்தியது. மூன்றாண்டுகளுக்குச் சற்றே மேற்பட்ட காலத்தில் மூன்று முறை தலைவர் மாறினர். 'இதற்கா மாணவர் இரத்தம் சிந்தினர்?' என்று பலர் சலித்துக்கொண்ட காலம் அது.

ஆனால் அச்சலிப்பின் நடுவே ஓசையின்றி ஒரு பெரும்பணி நடந்துகொண்டிருந்தது. 1999 முதல் 2002 வரை ஆண்டுக்கொரு முறையாக நான்கு தவணைகளில் அரசியல் சட்டம் திருத்தப்பட்டது. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் குடியரசுத் தலைவராக இருத்தலாகாது. தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். சட்டங்களை ஆராய்ந்து செல்லாதெனக் கூற ஓர் அரசியல் சட்ட நீதிமன்றம் வேண்டும் என்றெல்லாம் விதிகள் எழுந்தன. காவல்துறை இராணுவத்திலிருந்து பிரிக்கப்பட்டது. 2004ஆம் ஆண்டோடு நாடாளுமன்றத்தில் படையினருக்கிருந்த இருக்கைகள் மறைந்தன. அவ்வாண்டு நடந்த நேரடித் தேர்தலில் பதவியிலிருந்த மேகவதி தோற்றார், யுதயோனோ வென்றார். பதவியிலிருப்பவர் தோற்பதும், தோற்றவர் விலகுவதும், தெருவில் துப்பாக்கி வெடிக்காததும் அந்நாட்டிற்குப் புதிய அனுபவங்கள்.

பொருளாதாரச் சிக்கல் தீர இதைவிட நெடுங்காலம் பிடித்தது. வீழ்ந்த வங்கிகளைத் தூக்கி நிறுத்த அரசு செலவிட்ட தொகை, நாட்டின் ஓராண்டு மொத்த உற்பத்தியில் ஏறக்குறையப் பாதி. அந்தச் சுமை வரி செலுத்திய எளிய மக்களின் தோளில் ஏறியது. கடன் வாங்கி ஏப்பமிட்டவர் பலர் தப்பிச் சென்றனர். எண்ணெய்க்கு அரசு அளித்த மானியத்தைக் குறைக்க முற்பட்டபோதெல்லாம் கிளர்ச்சி எழுந்தது. எனினும் நாடு மெல்ல நிமிர்ந்தது. நாணய நிதியத்திடம் பட்ட கடனை 2006இல், தவணைக்கு முன்னரே அடைத்தது. 2018இல் வறியோர் விகிதம் முதன்முறையாகப் பத்து விழுக்காட்டுக்குக் கீழே இறங்கியது.

மூன்றாவது, மக்கள் ஒருவரோடொருவர் வாழும் சிக்கல். மூடியை இறுக அழுத்திவைத்த பானையில் கொதிப்பு அடங்கியிருப்பதில்லை. மூடியைத் திறந்ததும் பொங்குகிறது. 1999 தொடக்கத்தில் மலுக்குத் தீவுகளில் கிறித்தவரும் முஸ்லிம்களும் மோதிக்கொண்டனர். அமைதி உடன்படிக்கை காண மூன்று ஆண்டுகளாயின. அதற்குள் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். 1975இல் படையெடுத்துக் கைப்பற்றிய கிழக்குத் தீமோரில் 1999 ஆகஸ்டு 30ஆம் நாள் பொதுவாக்கெடுப்பு நடந்தது. 78 விழுக்காட்டினருக்கு மேல் விடுதலையை விரும்பினர். உடனே இராணுவத்தின் ஆதரவு பெற்ற குழுக்கள் அச்சிறு நிலத்தை எரித்துச் சாம்பலாக்கின. பன்னாட்டுப் படை வந்த பின்னரே அமைதி பிறந்தது. 2002 மே 20ஆம் நாள் அது தனிநாடாயிற்று.

ஆச்சே மாநிலத்தின் கதை வேறு. 1976 முதல் அங்கே பிரிவினைப் போர் நடந்து வந்தது. 2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலையை நம் நாகப்பட்டினமும் கடலூரும் மறக்கவில்லை. அதே அலை ஆச்சேயில் ஒரு லட்சத்து அறுபதாயிரத்திற்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. பிணங்களுக்கு நடுவே போர் நடத்துவது எதற்கு என்ற எண்ணம் இருதரப்பிலும் வலுத்தது. 2005 ஆகஸ்டு 15ஆம் நாள் ஹெல்சிங்கியில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. போராளிகள் ஆயுதத்தை ஒப்படைத்தனர். ஆச்சே தன்னாட்சி பெற்றது. முன்னாள் போராளிகள் தேர்தலில் நின்று பதவிக்கு வந்தனர். பாப்புவாவிலோ இத்தகைய தீர்வு இன்றுவரை எட்டப்படவில்லை.

சீன வம்சாவளியினர் தம் விழாக்களைப் பொதுவில் கொண்டாடலாகாது என்று 1967இல் பிறந்த ஆணையை வாஹித் 2000ஆம் ஆண்டில் நீக்கினார். 2003 முதல் சீனப் புத்தாண்டு தேசிய விடுமுறையாயிற்று. ஐந்தாண்டுகளுக்கு முன் கதவடைத்து நடுங்கிய வீடுகளில் செவ்விளக்குகள் தொங்கின. ஒரு விடுமுறை நாள் சிறிய செய்தியாகத் தோன்றலாம். 'நீயும் இந்நாட்டவனே' என்று ஓர் அரசு சொல்லும் முறைகளில் அதுவும் ஒன்று.

நாடு உடையாமல் நின்றதற்கு மற்றொரு காரணமும் உண்டு. 1999இல் இயற்றிய சட்டங்களின்படி, 2001 முதல் அதிகாரமும் பணமும் மாவட்டங்களுக்குச் சென்றன. இருபது லட்சம் அரசு ஊழியர் மாவட்ட நிர்வாகங்களின்கீழ் வந்தனர். எல்லாவற்றுக்கும் ஜகார்த்தாவைப் பார்த்த கண்கள் உள்ளூரைப் பார்க்கத் தொடங்கின. ஆனால் அதிகாரம் பரவியபோது ஊழலும் உடன் பரவியது. முன்பு ஒரு குடும்பத்திற்குக் கொடுத்த கையூட்டை இப்போது பல அலுவலகங்களில் கொடுக்க வேண்டியிருந்தது. தொட்டிற் பழக்கம் சுடுகாடு மட்டும் அல்லவா? இதனைத் தடுக்க 2002ஆம் ஆண்டுச் சட்டத்தினால் ஊழல் ஒழிப்பு ஆணையம் அமைக்கப்பட்டது. அமைச்சர்களையும் ஆளுநர்களையும் அது நீதிமன்றத்தில் நிறுத்தியது. மக்களின் நம்பிக்கையைப் பெற்றது. அதனாலேயே பகைவரையும் பெற்றது. 2019இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதன் சுதந்திரத்தைக் குறைத்தது. மாணவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து எதிர்த்தும் திருத்தம் நின்றது.

இனி, எல்லாவற்றினும் கடினமான ஒன்றைச் சொல்ல வேண்டும். அது நினைவைப் பற்றியது. 2000ஆம் ஆண்டில் சுகார்த்தோ மீது ஊழல் வழக்குத் தொடரப்பட்டது. உடல்நிலை காரணமாக அது கைவிடப்பட்டது. 2008 ஜனவரி 27ஆம் நாள், தீர்ப்பு எதுவுமின்றி அவர் காலமானார். 1965ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைப் பள்ளிப் பாடநூல்கள் ஒரே பக்கமாகவே சொல்லி வந்தன. அதனைப் பற்றி அரசு எடுத்த திரைப்படம் 1998க்கு முன் ஆண்டுதோறும் மாணவர்களுக்குக் காட்டப்பட்டது. விடுதலைக்குப் பின் எழுதப்பட்ட சில பாடநூல்கள் பழியைக் கம்யூனிஸ்டுக் கட்சியின்மீது மட்டும் சுமத்தாமல் விட்டன. 2007இல் அந்நூல்கள் தடைசெய்யப்பட்டன. தேர்தல் நடத்தும் நாடு, ஒரு பாட நூலுக்கு அஞ்சியது. 2023 ஜனவரியில் குடியரசுத் தலைவர் ஜோக்கோ விடோடோ அக்கொலைகள் உள்ளிட்ட பன்னிரண்டு கொடுஞ்செயல்கள் நடந்ததை ஒப்புக்கொண்டு வருத்தம் தெரிவித்தார். அவ்வளவிலே அது நின்றது.

அதே ஆண்டு அக்டோபரில், வயது வரம்புக்கு விலக்களிக்கும் ஒரு தீர்ப்பை அரசியல் சட்ட நீதிமன்றம் வழங்கியது. அதனால் துணைத் தலைவர் பதவிக்குப் போட்டியிடும் தகுதி பெற்றவர் அந்தக் குடியரசுத் தலைவரின் மகன். நீதிமன்றத் தலைவரோ அவருடைய மைத்துனர். 2024இல் நடந்த தேர்தலில் குடியரசுத் தலைவராக வென்றவர் பிரபோவோ சுபியாந்தோ. அவர் சுகார்த்தோவின் முன்னாள் மருமகன். 1998இல் படையிலிருந்து நீக்கப்பட்ட தளபதி. மக்கள் தம் வாக்குரிமையைக் கொண்டே அவரைத் தேர்ந்தெடுத்தனர் என்பதையும் மறக்கலாகாது. 2025 மார்ச்சில் பணியிலுள்ள படையதிகாரிகள் வகிக்கக்கூடிய குடிமைப் பதவிகளின் எண்ணிக்கையைக் கூட்டும் சட்டம் நிறைவேறியது. 1998இல் பிறந்திராத மாணவர்கள் அதனை எதிர்த்து ஊர்வலம் சென்றனர்.

அவ்வாண்டு நவம்பர் 10ஆம் நாள், வீரர் தினத்தன்று, பத்துப் பேருக்குத் தேசிய வீரர் என்ற பட்டம் வழங்கப்பட்டது. அவர்களுள் ஒருவர் சுகார்த்தோ. மற்றொருவர், அவருடைய ஆட்சியைக் குறைகூறி வந்த அப்துர்ரஹ்மான் வாஹித். இன்னொருவர் மர்சினா. கிழக்கு ஜாவாவில் கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்த இளம்பெண். கூலி உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தில் முன்னின்றதற்காக 1993 மே மாதம் கடத்திக் கொல்லப்பட்டவர். அக்கொலைக்கு உண்மையில் பொறுப்பானவர் யாரென்று நீதிமன்றம் இன்றுவரை நிலைநாட்டவில்லை. ஆண்டவருக்கும், அவரது ஆட்சியில் மாண்டவருக்கும் ஒரே நாளில், ஒரே மேடையில், ஒரே பட்டம்!

மாணவ நண்பர்களே, இதனைக் கேட்டு, 'பிறகு என்ன பயன்? பழையது திரும்பிவிட்டதே' என்று சோர்ந்துவிட வேண்டாம். சுகார்த்தோவின் காலத்தில் தலைவரை எதிர்த்து ஒரு வேட்பாளர் நிற்க முடியாது. இன்று நிற்கலாம், மக்கள் தோற்கடிக்கலாம், பத்திரிகை எழுதலாம், மேற்சொன்ன பட்டத்தைக் கண்டித்து மக்கள் அறிக்கை விடலாம், விட்டனர். இருபத்தைந்து ஆண்டுகளாகக் கட்டிய சுவர் அது. ஆனால் அதில் செங்கல் ஒவ்வொன்றாகப் பெயர்க்கப்படுவதும் உண்மை. ஒரே நாளில் இடிவது நம் கண்ணுக்குத் தெரியும். ஆணையத்தின் ஒரு பிரிவு, நீதிமன்றத்தின் ஒரு தீர்ப்பு, பாடநூலின் ஒரு பக்கம் எனப் பெயர்வது தெரிவதில்லை. அதனைக் காண்பதற்குப் படித்த கண் வேண்டும். நீங்கள் பெறும் கல்வியின் பயன்களுள் அதுவும் ஒன்று.

ஒரு மனிதர் பதவியிலிருந்து இறங்க ஒரு காலைப்பொழுது போதும். அவர் வளரவிடாமல் தடுத்தவை வளர்வதற்கு ஆண்டுகள் பல வேண்டும். வளர்ந்தபின் காக்க ஒவ்வொரு தலைமுறையும் வேண்டும். இனி உங்கள் பாடநூலில் அந்த இரண்டு வரிகளைக் காணும்போது, அவற்றுக்கு நடுவே நின்று, 'அரிசி என்ன விலை விற்றது? சிறுபான்மையினர் எங்கே ஒளிந்திருந்தனர்? படையினர் எப்போது பாசறைக்குத் திரும்பினர்? கொலையுண்டவர்க்கு நீதி கிடைத்ததா?' என்று உங்கள் ஆசிரியரைக் கேளுங்கள். விடை தெரியாவிட்டால் அவரும் உங்களோடு சேர்ந்து தேடுவார். வரலாறு கற்பது என்பது அவ்வாறு தேடுவதேயாகும்.